வெடிக்க வேண்டிய தரை

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்து, என் படை மொத்தத்துக்கும் காலடித் தரை பறிபோனது. பறித்தவர் எதிரி இல்லை. என் வீட்டுக்காரர்.

பதறாதீர்கள். படை என்றால் கட்டைவிரல் உயரப் படை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். அவர்கள் போய் டீ போட்டுக்கொண்டு வரலாம். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மரக்காணத்தில் பூகோளம் நடத்தும் டீச்சர். வீட்டுக்காரர் உப்பளக்காரர், குத்தகைக்குப் பாத்திகள் எடுத்து உப்பு விளைவிக்கிறார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நான் சின்னச் சின்னச் சிப்பாய்களை மேஜை மேல் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, டைஸ் உருட்டிப் போர் விளையாடுகிறேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஐம்பது தாண்டியவர்கள் சீட்டாடலாம், சீரியல் பார்க்கலாம், அடுத்த வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்கலாம்... போர் மட்டும் கூடாதா?

இந்த விளையாட்டுக்குள் என்னை இழுத்துவிட்டது ஒரு கடைவாய்ப்பல். அதற்கு ரூட் கெனால் செய்யப் பாண்டிச்சேரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். டாக்டர் கவிதா — என்னைவிட ரொம்பச் சின்னவர், கையில் நடுக்கமே கிடையாது — வாயில் பஞ்சை அடைத்து உட்கார வைத்துவிட்டுப் போன நேரத்தில் அவர் மேஜையைப் பார்த்தேன். எக்ஸ்ரே ஃபிலிம்களுக்கு நடுவே குதிரை மேல் ஒரு குட்டி வீரன். அவன் நின்ற இடம் மட்டும் வெறும் கறுப்பு வட்டம். பஞ்சை எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, ஏன் இவன் தரை இல்லாமல் நிற்கிறான் என்பதுதான். அதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்றார் அவர். நான் செய்கிறேன் என்றேன். வாயில் பாதி மரத்துப்போயிருந்தது, ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னேன்.

கிளினிக்குக்கு மேல் இருக்கும் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன கிளப் கூடுகிறது. அங்கே ஒவ்வொரு வீரனும் காசு அளவு வட்டத்தின் மேல் நிற்பான். அதற்குப் பேஸ் என்று பெயர். பேஸின் மேல் கல்லும் மண்ணுமாகத் தரை அமைப்பதுதான் என் வேலை. ஒரு வருஷமாக அந்த கிளப்பின் பாதிப் படைகள் நான் போட்ட தரையில்தான் நிற்கின்றன. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நன்றாகச் செய்கிறேன், நன்றாகச் செய்கிறேன் என்று சொல்கிறேன். அவ்வளவுதான்.

எப்படி என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. சுவருக்குப் பூசும் புட்டியில் வெள்ளைப் பசையைக் கலந்து வட்டத்தின் மேல் அப்ப வேண்டும். சாப்பாடு மடித்து வரும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, ஈரம் இருக்கும்போதே ஒற்றி எடுத்தால் பாறையின் சொரசொரப்பு அப்படியே வந்துவிடும். உடைந்த ஓட்டுச் சில்லு வைத்தால் பாறை துருத்திக்கொண்டிருப்பது போல இருக்கும். மேலே சலித்த மணல். காய்ந்ததும் கறுப்பு அடித்து, அதன் மேல் சாம்பல் நிறத்தை ஈரமே இல்லாத பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் மேடுகள் மட்டும் வெளுக்கும், பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். பார்ப்பவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, நிஜக் கல்லா என்பார்கள். நுணுக்கமான கீறல்களுக்கு டாக்டர் கொடுத்த பழைய பல் குத்தும் கம்பிகள் இருக்கின்றன. யார் யார் வாயில் எல்லாம் வேலை பார்த்த கம்பிகளோ... கொதிக்க வைத்துத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை அள்ளி அப்படியே ஒட்டிவிடாதீர்கள். சில நாளில் பெயின்ட்டையும் மீறி உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காய வைக்க வேண்டும். உப்பளக்காரர் பெண்டாட்டிக்கு இதை யாராவது சொல்லித் தரவேண்டுமா என்ன?

ஒரு வருஷமாக ஊரார் படைகளுக்குத் தரை போட்டவளுக்கு, இந்த முறை சொந்தப் படை. ஈட்டி பிடித்த காலாட்படை. நானே வாங்கி, நானே ஒட்டி, நானே பெயின்ட் அடித்தது. கிளப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய மேஜையை வறண்ட ஏரியாக மாற்றியிருந்தார்கள். அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் அதில்தான், முதலில் இறங்குவது என் படைதான். ஆட்டம் முடிந்ததும் யாருடைய பேஸ் பிடித்திருக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடி மணியை வைப்பது கிளப் வழக்கம். மற்றவர்களின் படைகளுக்குப் பக்கத்தில் நான் போட்ட தரைக்காக விழுந்த மணிகளை நிறையப் பார்த்துவிட்டேன். என் படைக்குப் பக்கத்தில் விழுந்து பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. மறைப்பானேன்? ரொம்பவே இருந்தது. காய்ந்த ஏரித் தரை எப்படி வெடிக்கும் என்று பாருங்கள், வந்து காட்டுகிறேன் என்று போனிலேயே வீராப்புப் பேசி வைத்திருந்தேன்.

வெடிக்க வைப்பது சாதாரண வேலை இல்லை. புட்டியில் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, தடிமனாக அப்பி, வேகமாகக் காயவிட வேண்டும். தை மாசக் காற்றும் வெயிலும் அதற்கென்றே செய்து வைத்தவை. வியாழக்கிழமை வீரர்களை ஒட்டாமல், பேஸ்களை மட்டும் ஒரு பெரிய தட்டில் அடுக்கி மாடியில் வைத்தேன். வெள்ளி சாயங்காலம் முதல் கோடு விழுந்தது. சனிக்கிழமை காலையில் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பும் முன் ஏறிப் பார்த்தேன்... அடடா! மெல்லிய கோடுகள், நடுவில் பிரிந்து, ஓரத்தில் லேசாகச் சுருண்டு. ஒன்றைப் போல ஒன்று இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கும் படம் கூட அத்தனை நன்றாக இருக்காது. பஸ் ஸ்டாண்டு வழியாகப் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். ஒரு வருஷமாக என் சிப்பாய்களை ‘உன் பொம்மைங்க’ என்றுதான் சொல்வார். கிண்டல்கூட இல்லை. கிண்டல் செய்தால் சண்டையாவது போடலாம். சாப்பாட்டு மேஜையில் படையே அணிவகுத்து நின்றாலும் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டை வைப்பார். ஒருநாளும் ஒருவனையும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. நான் ராத்திரியும் பகலும் கண்ணைக் கொடுத்துச் செய்ததை, கூட இருக்கிறவர் திரும்பிக்கூடப் பார்க்காதது எனக்கு வலிக்கத்தான் செய்தது. சொல்லியும் இருக்கிறேன். பார்த்தேனே, நல்லாத்தான் இருக்குது என்பார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தை மாசம் அவருக்கு வேறு வேலை. மழைத் தண்ணீரை வடித்து, சேற்றை வாரிப் போட்டு, பாத்திகளின் தரையைத் தயார் செய்கிற காலம். ஆட்கள் வரிசையாக நின்று வெறுங்காலால் மிதி மிதி என்று மிதிப்பார்கள். களிமண் இறுகி சிமென்ட் தரை மாதிரி ஆக வேண்டும். அதில் ஒரு வெடிப்பு விழுந்தால் போச்சு... உப்புத் தண்ணீர் கீழே இறங்கிவிடும், எடுக்கிற உப்பிலும் சேறு கலக்கும். அதனால் என் வீட்டுக்காரர் விடிந்ததும் போய்ப் பாத்தி பாத்தியாக நடந்து பார்ப்பார். தலைமுடி அளவு கோடு கண்ணில் பட்டாலும் ஈரக் களியை வைத்து அடைத்து, மிதித்து, சமன் செய்துவிட்டுத்தான் நகருவார். இந்த மாசம் முழுக்க வீட்டிலும் அவர் குனிந்த தலையோடுதான் நடப்பார்.

இப்போது புரிந்திருக்குமே?

மத்தியானம் வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். என் தட்டின் மேல் ஈரத்துணி போர்த்தியிருந்தது. காக்கா கொத்தாமல் இருக்க மூடியிருக்கிறார், பரவாயில்லையே என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனேன். துணியை எடுத்தேன்.

ஒரு வெடிப்பு இல்லை. ஒன்று கூட இல்லை! நான் மிச்சம் வைத்திருந்த புட்டியைக் குழைத்து, ஒவ்வொரு வட்டத்தையும் அடைத்து, கட்டைவிரலால் நீவி, ஓரம் வழித்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். மறுபடியும் வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஈரத்துணி. எவ்வளவு பொறுமையான வேலை தெரியுமா? காலையில் பாதி நேரம் போயிருக்கும்.

பாத்தியிலிருந்து திரும்பி வந்து, தண்ணீர் டேங்க்கைப் பார்க்க ஏறியிருக்கிறார். தட்டைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், கை சும்மா இருக்கவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டு மேலே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“எல்லாம் வெடிச்சுப்போயிருந்துது. நீ பாவம் கிளாஸ் எடுத்துக்கினு இருக்கற. வெயில் ஏறுனா இன்னும் பெருசாயிடும்னு நானே அடைச்சிட்டேன்.”

நான் கத்தினேன். அழகாக எழுத வேண்டும் என்பதற்காகக் குறைத்துச் சொல்லப் போவதில்லை, நன்றாகவே கத்தினேன். வேண்டுமென்றே வெடிக்க வைத்தது, அதற்குத்தான் இத்தனை பாடு, நாளைக்கு ஆட்டம், இனி காய வைக்க நேரமில்லை, ஒரு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத மனுஷனுக்கு இன்றைக்குத்தான் என் தட்டு கண்ணில் பட்டதா என்று மூச்சு விடாமல் கேட்டேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. சோற்றை வேண்டுமென்றே தீய விட்டேன் என்று நான் சொன்னது போல என்னைப் பார்த்தார். தட்டுக்குப் பக்கத்தில், நிழலில், முட்டை அட்டையில் என் வீரர்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவனை எடுத்தார். கல்யாணமாகிக் கூட வாழ்ந்த இத்தனை காலத்தில்... சரி, இந்த ஒரு வருஷத்தில், முதல் முறையாக. உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

“இவங்க யாருக்கும் காலுல செருப்பு இல்ல, பாத்தியா? வெறுங்காலோட அந்த வெடிப்புல நின்னா கிழிச்சிடாதா? ஆளுங்க நிக்கிற எடமாச்சேன்னுதான் செஞ்சேன்.”

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். எல்லாரும் வெறுங்கால். விரல்கள்கூடத் தனித்தனியாகச் செதுக்கியிருந்தார்கள். இவர்களை ஒட்டியவள் நான், பிசிறு தேய்த்தவள் நான், பெயின்ட் அடித்தவள் நான். கேடயத்தில் எத்தனை ஆணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

பிளாஸ்டிக் கால் கிழியாது என்று சொன்னேன். அது தனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். தெரியும்தான். தெரிந்துதான் பாதிக் காலை உட்கார்ந்து நீவியிருக்கிறார்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம் மேல் பிரியம் இருக்கிறவர்கள் நமக்கு எதையும் புதிதாகச் செய்து தருவது கம்மி. நாம் செய்ததைச் சரி செய்துதான் தருவார்கள். டெய்லர் அக்கா நம்மைக் கட்டிப் பிடிக்கும்போதே தோள் தையலை இழுத்துப் பார்ப்பார். சமையல் தெரிந்த நாத்தனார் விருந்துக்கு வந்தால் நம் குழம்பில் ஒரு கரண்டி புளித்தண்ணீர் சேர்க்காமல் போகமாட்டார். அவரவர் தொழிலில் எது குறையோ அதுதான் அவரவர் கண்ணில் முதலில் படும். அது நமக்குக் குறைதானா என்று கேட்கத் தோன்றாது. கேட்டுவிட்டுச் செய்தால் எவ்வளவோ நல்லது! ஆனால் கேட்டுவிட்டுச் செய்கிற அளவுக்கு நிதானம் இருந்தால் அதைப் பிரியம் என்று சொல்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சாயங்காலம் ஒரு பேஸை மட்டும் எடுத்து, பல் குத்தும் கம்பியால் வெடிப்பு வரைந்து பார்த்தேன். வரைந்த மாதிரியேதான் இருந்தது. மண் தானாக வெடிப்பது வேறு, டீச்சர் கோடு போடுவது வேறு. அதோடு, கம்பியை வைக்கும்போதெல்லாம் அந்தக் கால் விரல்கள் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கம்பியைக் கீழே வைத்தேன். அவர் போட்ட தரைக்கு அப்படியே சாம்பல் நிறம் அடித்து, ஒவ்வொருவனையும் அதன் மேல் ஒட்டினேன். மனசு கனத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் படையை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் ஆள் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஈசிஆரில் பஸ் பிடித்தேன். மடியில் ஷூ டப்பா, டப்பாவுக்குள் படை.

வறண்ட ஏரியின் மேல் என் வீரர்களை இறக்கினேன். எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேஜை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்த மண். அதன் மேல் ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு வட்டத் தரையை, வழுவழு என்று, கூடவே கொண்டு வந்து நிற்கிறான்.  ஹாலில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். வறண்ட ஏரிக்கு வீட்டு ஹாலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? சிரிப்பு வருகிற மாதிரிதான் இருந்தது.

ஏன் இப்படி என்று டாக்டர் கவிதா கேட்டார். நடந்ததைச் சொன்னேன். தை மாசம், பாத்தி, ஈரத்துணி, வெறுங்கால் — எல்லாவற்றையும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து என் வீரர்களின் காலைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் படையைத் தூக்கி அவரவர் வீரர்களின் காலைப் பார்த்தார்கள். பெரும்பாலும் பூட்ஸ். ஒருவருடைய குதிரைக்கு லாடம்கூட இருந்தது, அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

“உங்க சாரைத் திட்டாதீங்கக்கா. அந்தத் தட்டை என்கிட்ட குடுத்திருந்தா நானும் அடைச்சிருப்பேன்” என்றார் டாக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டே.

அதன் பிறகு ஆட்டம். தோற்றேன். சும்மா இல்லை, நன்றாகத் தோற்றேன். டைஸ் ஒருமுறைகூட எனக்காக விழவில்லை. ஏரியின் நடுவில் என் ஈட்டிப்படை ஒவ்வொருவனாகச் சாய்ந்து, கடைசியில் டப்பாவுக்குள் முழுப் படையும் படுத்துவிட்டது. மணிகள்? என் பேஸ்களுக்குப் பக்கத்தில் ஒன்று கூட விழவில்லை. டாக்டர்கூட வைக்கவில்லை. கதைக்காக மணி வைத்திருந்தால் நானே எடுத்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். தரை சரியில்லை, வறண்ட ஏரியில் அந்தத் தரை நிற்காது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். குதிகால் முழுக்க வெடிப்பு. உப்புத் தண்ணீரில் நிற்கிற காலுக்கு எந்த எண்ணெயும் நிற்காது. வருஷக் கணக்காகப் பார்க்கிற கால்தான். அன்றைக்கு நின்று பார்த்தேன்.

என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்கு மழுப்பத் தெரியாது. தரைக்கு ஒரு மணிகூட விழவில்லை, ரொம்ப வழுவழுவென்று இருக்கிறதாம், சிரித்துவிட்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். தரை என்றால் வழுவழுவென்றுதானே இருக்க வேண்டும் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

“ஆளுங்க?”

எல்லாரும் போயிட்டாங்க என்றேன்.

குழாயை மூடினார்.  துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“தரையால இல்லையே?”

நான் கத்தியது போக மிச்சக் கோபத்தை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தக் கேள்வியில் அது எங்கே போனதென்று தெரியவில்லை. இல்லைங்க, ஒருத்தனும் தரையில் வழுக்கி விழவில்லை, ஒருத்தன் காலிலும் கீறல் இல்லை, எல்லாம் டைஸ் செய்த வேலை என்று சொன்னேன்.  அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

அந்தத் தரைகளை நான் பெயர்த்து எடுக்கவில்லை. இந்தப் படை இனி இதன் மேல்தான் நிற்கும், எந்த ஏரியானாலும் சரி. அடுத்த படைக்குப் பூட்ஸ் போட்ட ஆட்களாகப் பார்த்து வாங்கிவிட்டேன். முந்தாநாள் அவர்களுக்காகப் புதிதாகப் புட்டி அப்பி மாடியில் வைத்தேன். கையில் கிடைத்த ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்து, ‘இது வெடிக்க வேண்டிய தரை, தொடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் தட்டின் மேல் சாய்த்து வைத்தேன்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். வெடிப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. நான் கோணல்மாணலாகக் கிழித்திருந்த அட்டையின் ஓரத்தை மட்டும் யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டி வைத்திருக்கிறார்கள்!